விட்ட ஓட்டத்தை மறுபடி தொடங்க

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் எடுத்தவர். அப்போது வயது 72. ஆகவே நாற்பதிலேயே 'இனி ஏலாது' என்பதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

ஆனால், பள்ளிக்கூடத்தில் ஓடின வேகத்தை முதல் நாளே தேடக் கூடாது. பலரைப் படுக்க வைப்பது இதுதான். மூச்சு சில கிழமைகளில் திரும்பிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். மூச்சு தரும் துணிச்சலில் கால் அடிபடும். கால் போனால் நாட்சம்பளமும் போச்சு.

ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடவுங்கள். இப்படி 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க ஏலாவிட்டால் வேகம் கூடிப்போச்சு என்று அர்த்தம். உயிலங்குளத்து வெயிலுக்கு விடியப்புறம்தான் சரி. மண்வெட்டி பிடித்துக் களைத்த நாளில் ஓட்டம் வேண்டாம். அந்த வேலையும் காலுக்குக் கணக்குத்தான்.

தசை உளைவு இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் குத்தினால் நிறுத்துங்கள். பிரசர், சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டபிறகே தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.