ரொட்டி தின்று வளர்ந்த சனத்துக்கும் வரும்

சீலியாக், அதாவது கோதுமையிலுள்ள குளுட்டன் குடலைப் புண்ணாக்கும் நோய், என்று வாயைத் திறந்தாலே ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எனக்குக் கிடைப்பது ஒரே பதில்: “ரொட்டி தின்னே வளர்ந்த சனம் நாங்க. எங்களுக்குப் போயி கோதுமை மா ஒத்துக்காமப் போகுமா? அது வெள்ளைக்காரன் வியாதி.” லயத்துப் பாட்டி சொன்னால் பொறுத்துக்கொள்வேன். படித்த ஆசிரியர்களும் தோட்டத் தலைவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பேச்சால் பிள்ளைகள் கெடுகிறார்கள்.

முதலில், எத்தனை தலைமுறை ரொட்டி? சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் தின்றது சோறும் குரக்கனும் கம்பும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அரிசி வரத்து நின்று, பங்கீடு வந்த பிறகுதான் கோதுமை மா இங்கே வேர் பிடித்தது. திருகோணமலையில் பிறீமா கோதுமை மா ஆலை ஓடத் தொடங்கியது 1980இல். மூன்று நான்கு தலைமுறைப் பழக்கத்தை ஆதிகாலத்துச் சொத்து போலப் பேசுகிறோம்.

அடுத்தது உடம்பு. இந்தியாவில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகை இரண்டு பக்கத்திலும் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பாட்டில்: ஒருவர் நாளொன்றுக்குத் தின்ற கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். நமக்கோ வழிவழியாக வந்தது தெற்கத்தி உடம்பு, காலையும் இரவும் தின்பது ரொட்டி. ரொட்டி தின்று வளர்ந்ததே கவனமாக இருக்கவேண்டியதற்குக் காரணம்!

2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17.3. பெரும்பாலானோருக்குக் காரணம் வறுமைதான். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் சீலியாக் நோயால் வளராத பிள்ளை ஒன்று இருந்தால் யார் கண்ணில் படும்? வயிறு உப்பி, அடிக்கடி வயிற்றாலே போய், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தச்சோகை தீராத பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோம், மந்திரிக்கிறோம், திரும்பவும் பூச்சி மருந்து கொடுக்கிறோம். வைத்தியரிடம் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். அது ஓர் இரத்தப் பரிசோதனை. முடிவு வரும்வரை ரொட்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

“நல்லாச் சுட்டா செத்துரும்” என்பது இன்னொரு பேச்சு. குளுட்டன் புரதம், கிருமி இல்லை. எந்தச் சமையல் சூட்டிலும் சாகாது. “கொஞ்சம் கொஞ்சமாத் தின்னா பழகிரும்” என்பது அதைவிட மோசம். நாளுக்கு 50 மில்லிகிராம் குளுட்டனே குடலைப் புண்ணாக்கப் போதும். பாண் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது. ரவையும் கோதுமைதான். பார்லித் தண்ணியும் மால்ட் பானமும் ஆகாது.

சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா வழியே வரும் குடும்பங்களுக்கும் இதைச் சொல்கிறேன். கடையில் இடியப்பம், பிட்டு, தோசை, ஏன் உளுந்து வடையைக்கூட நம்பாதீர்கள். நம் நாட்டில் இவற்றில் கோதுமை மா கலப்பது சாதாரணம். “கோதுமை மா கலந்ததா?” என்று கேளுங்கள். கொத்துப் போட்ட கல்லில் எது செய்தாலும் வேண்டாம். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்ததும் வேண்டாம். வெறும் சோறு, அவித்த முட்டை, அவித்த சோளம், வாழைப்பழம் போதும்.

உணவு ஒவ்வாமை வேறு விஷயம். அது சில நிமிடங்களிலேயே மூச்சை அடைக்கலாம். மீன் ஒத்துக்கொள்ளாதவர் சம்பலைத் தொடுமுன் மாசி போட்டதா என்று கேட்கவேண்டும். இறால் ஆகாதவர் இறால் வடை பொரித்த எண்ணெயைப் பார்க்கவேண்டும். மூச்சுத் திணறினால் பிரிட்டோன் (Piriton) ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தேவை அட்ரினலின் ஊசி. உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

2022 ஜனவரியில் அரசாங்கம் தோட்டக் குடும்பங்களுக்கு அறிவித்த நிவாரணம் என்ன? மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்கு. மலையகத்தான் என்றால் கோதுமை மாதான் என்று கொழும்பு முடிவு கட்டிவிட்டது, நாமும் வாங்கிக்கொண்டோம். நம் பாட்டன் தின்ற குரக்கனை, கோதுமை அரைக்காத மில்லில் அரைத்து, அரிசி மாவோடு சேர்த்து அதே விலைக்குத் தோட்டக் கூட்டுறவுக் கடைகளில் தரச் சொல்லிக் கேட்கவேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இந்தக் கோரிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.