பூவரசம் இலையும் சுட்ட மண்ணும்

இயற்கையைத் தழுவிப் பாண்டம் செய்வதென்றால் சட்டியின்மேல் ஒரு பூ வரைவது என்றே பலரும் எண்ணுகின்றனர். பூவரசங்குளத்தில் மண்வேலை பழக்கும் நான் மாணவிகளிடம் சொல்வது வேறு. மண், நீர், நெருப்பு ஆகியவற்றின் இயல்பை முதலில் அறியுங்கள். பூ பிறகு வரட்டும்.

இக்கலை நமக்கு அந்நியமானதல்ல. எமது ஊரைக் கடந்து செல்லும் வீதி மன்னாரை நோக்கிப் போகிறது. மன்னாரின் மாந்தை முற்காலத்தில் பெரிய துறைமுகம். 1980களில் அங்கு நடந்த அகழாய்வில் சீனாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த, கண்ணாடி போன்ற மெருகிட்ட பாண்டத் துண்டுகள் கிடைத்தன. துணியும் மரமும் மண்ணுக்குள் உக்கிப்போகும். சுட்ட மண் உக்குவதில்லை. அதனால்தான் சாதாரண மக்களின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் உடைந்த ஓடுகளில் படிக்கிறார்கள்.

துருக்கியின் இஸ்னிக் நகரக் கைவினைஞர்கள் 16ஆம் நூற்றாண்டில் துலிப், கார்னேஷன் மலர்களைச் சுவரோடுகளில் தீட்டினார்கள். இஸ்தான்புல் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் அவற்றை இன்றும் காணலாம். அவர்கள் தம் தோட்டத்து மலர்களை வரைந்தார்கள். நமக்குப் பூவரசு இருக்கிறது.

செய்முறை இதுதான். களிமண்ணைக் கரைத்து, கல்லும் வேரும் நீங்க வடித்து, பிசையும் பதத்துக்கு உலர்த்துங்கள். குளக்கட்டில் மண் வெட்டக் கூடாது. அனுமதியுள்ள இடத்திலேயே எடுக்க வேண்டும். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நுண்மணல் சேர்த்துப் பிசையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் சீராக உருட்டி, பூவரசம் இலையின் அடிப்பக்கத்தை மண்ணில் வைத்து அழுத்துங்கள். அடிப்பக்கத்தில்தான் நரம்புகள் புடைத்திருக்கும். இலையின் ஓரமாக மண்ணை வெட்டி, இலையை உரித்தெடுத்து, துணி விரித்த கோப்பைக்குள் வைத்தால் இதய வடிவில் ஒரு தட்டம் உருவாகும்.

இனிப் பொறுமை வேண்டும். உலரும் மண் சுருங்கும். விளிம்பு முதலில் உலர்ந்து சுருங்க, ஈரமான நடுப்பகுதி அதனோடு சேர்ந்து சுருங்காததால் வெடிப்பு விழுகிறது. ஆகவே வெயிலில் வைக்காமல், விளிம்பை ஈரத்துணியால் மூடி, நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் உலரவிடுங்கள். ஈரத்தோடு சூளைக்குப் போனால் நீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகிப் பாண்டத்தை வெடிக்கச் செய்யும். வெப்பம் ஏறத்தாழ 500 பாகையைக் கடக்கும்போது களிமண்ணோடு இரசாயன முறையில் பிணைந்த நீரும் வெளியேறுகிறது. அதன்பின் அது நீரில் கரையாது; மீண்டும் களிமண்ணாகாது. சூளையருகே பெரியவர் ஒருவர் நிற்பது அவசியம்.

மெருகிடாத தட்டத்தில் நுண்துளைகள் இருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அத்துளைகளால்தான். ஆகையால் இத்தட்டத்தில் பேரீச்சம்பழம் வைக்கலாம், ஆணம் ஊற்ற வேண்டாம். உணவு படும் இடத்தில் கடைச் சாயம் பூசவும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் கையில் சேறு படுவதைப் படிப்புக்கு இடையூறாக எண்ணாதீர்கள். சுருக்கம், ஆவியாதல், இரசாயன மாற்றம் என்று புத்தகத்தில் மனனம் செய்பவற்றை அவள் இங்கே விரலால் தொட்டு அறிகிறாள். அவசரப்பட்டால் வெடிக்கும் என்பதையும் மண்ணே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. குயவரின் சட்டியை விலைபேசும்போது அதற்குள் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.