களையெடுத்தல்

பயிருக்கென ஆயத்தம் செய்த நிலத்தில், நாம் விதைக்காமலே முளைத்து, பயிருக்குரிய நீரையும் உரத்தையும் கதிரொளியையும் கவர்ந்துகொள்ளும் செடியைக் களை என்கிறோம். எந்தச் செடியும் பிறவியிலேயே களையன்று. அது நிற்கும் இடமே அதனைக் களையாக்குகின்றது. கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் வைத்தியருக்கு மருந்து. கடலைக் கொல்லையில் அவை களை. அருகம்புல் பூசைக்கும் கால்நடைக்கும் உகந்தது; கரும்பு வயலில் அதுவே தீராத் தொல்லை. களை என்னும் பெயர்ச்சொல், ‘நீக்கு’ என்று பொருள்படும் வினையாகவும் நம் மொழியில் வழங்குவது கருதத்தக்கது. உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சல், பயிர் காத்தல் ஆகிய ஐந்து தொழில்களையும் திருவள்ளுவர் ஒரே குறளில் அடக்கியுள்ளார். எனவே, களை நீக்கும் கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

அரியலூர் மாவட்டம் 2007-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் பெரம்பலூர் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இவ்விரு மாவட்டங்களிலும் பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியாக மிகுதியும் விளைகின்றன. செயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரிக் காடுகள் பரந்துள்ளன. தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பகுதியில் நெல் வயல்களைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால், கரிசல் நிலம் சேறாகிக் காலைப் பற்றிக்கொள்ளும். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்க இயலாது. மண் காய்வதற்குள் களை பயிரை முந்திவிடும். அந்நேரத்தில் எல்லாருக்கும் ஒருங்கே ஆள் தேவைப்படுதலின், ஆள் கிடைப்பதும் அரிதாகும்.

களை கழனியில் மட்டும் முளைப்பதன்று. பள்ளி வளாகம், மருத்துவமனை, அரசு அலுவலகம், ஆலைகளைச் சூழ்ந்த பூங்கா, சாலையோரம் ஆகிய எங்கும் அது முளைக்கின்றது. இத்தகைய இடங்களைப் பேணும் பணியை ஒப்பந்தக்காரர்கள் ஏற்று நடத்துவது இக்கால வழக்கம். குறித்த தொகைக்குள் குறித்த நாளில் வளாகத்தைத் தூய்மையாக்கித் தருவதாக அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். உழவரைப் போலவே அவர்களும் களைக்கொல்லி மருந்தை நாடுவதற்கு இதுவே காரணம்.

களைக்கொல்லிகளின் வரலாறு நெடியதன்று. 2,4-டி என்னும் மருந்து 1940-களில் வழக்கிற்கு வந்தது. அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். நெல், மக்காச்சோளம் முதலிய புல்லினப் பயிர்களை விட்டுவிடும். பருத்தியோ அகன்ற இலையுடையது. ஆகவே, மக்காச்சோளக் கொல்லையில் தெளித்த 2,4-டி காற்றில் சிறிதளவு பறந்து அடுத்த கொல்லைப் பருத்தியின்மேல் படிந்தாலும், அதன் இலைகள் சுருங்கி உருக்குலையும். 1962-இல் பாராகுவாட் விற்பனைக்கு வந்தது. அது பட்ட இலையைச் சில நாழிகைகளிலேயே வாடச்செய்யும். 1974-இல் கிளைபோசேட் வந்தது. இஃது இலை வழியே புகுந்து வேர்வரை சென்று செடியை முழுவதும் மாய்க்கும். செடிகள் தம் வளர்ச்சிக்கு இன்றியமையாத சில பொருள்களை ஆக்கிக்கொள்ளும் வழியை அது அடைத்துவிடுகின்றது. அவ்வழி மனித உடலில் இல்லை. ஆதலின், இது மனிதர்க்குத் தீங்கு செய்யாது என்று பலரும் நம்பினர்.

மருந்தை நாடுவோர் காட்டும் கணக்கு எளியது. பத்துப் பேர் ஒரு நாளில் கொத்தும் இடத்தில் ஒருவரே தெளிப்பான் கொண்டு ஒரு நாளில் மருந்தடித்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். 2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய். அக்கூலியை அளவாகக் கொண்டால், பத்துப் பேருக்கு 3,190 ரூபாய் ஆகும். தெளிப்பவர் ஒருவருக்கு 319 ரூபாயும் மருந்தின் விலையுமே செலவு. மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு இஃது பெரும் இலாபமாகத் தோன்றும். ஆயினும், இக்கணக்கில் எழுதப்படாத செலவுகள் பல உள. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, தெளிப்பவரின் உடல்நலம். 1958-ஆம் ஆண்டில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பூச்சிமருந்து கலந்துவிட்ட உணவுப்பொருளை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் விளைவாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. களைக்கொல்லிகளும் அச்சட்டத்தில் அடங்கும். சட்டம் வந்தும் துயரம் தீர்ந்துவிடவில்லை. 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மகாராட்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே பருவத்தில் நம் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் கொல்லைகளிலும் மருந்தடித்தோர் பலர் நஞ்சேறி மருத்துவமனை சேர்ந்தனர்; சிலர் மீளவில்லை. அவ்விடங்களில் தெளிக்கப்பட்டவை பூச்சிமருந்துகளேயன்றிக் களைக்கொல்லிகள் அல்ல. எனினும், முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முகமூடியும் கையுறையும் இன்றி, மருந்துச் சாரலில் நனையும் முறை இரண்டிற்கும் ஒன்றே. களைக்கொல்லிகளுள் பாராகுவாட் மிகக் கொடியது. ஒரு வாய் உட்சென்றாலும் அது நுரையீரலைச் சிதைத்து உயிரைப் போக்க வல்லது. அதற்கு மாற்று மருந்து இதுவரை கண்டறியப்படவில்லை.

கிளைபோசேட்டைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-இல் அதனை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் காப்பு முகமையோ, அவ்வாறு நிகழ வாய்ப்பில்லை என்று கூறிற்று. கலிபோர்னியாவில் பள்ளிகளின் புல்வெளிகளைப் பேணிய பணியாளர் ஒருவர், பலகாலம் அம்மருந்தைத் தெளித்ததனால் தமக்குப் புற்றுநோய் வந்ததென்று வழக்குத் தொடுத்தார். 2018-இல் நடுவர் குழு அவருக்கு 28.9 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிற்குப் பின் அது ஏறத்தாழ 2 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மத்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் தவிரப் பிறர் கிளைபோசேட்டைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. ஆகவே, தோட்டப் பணி ஏற்போர் மருந்து வாங்குமுன், நடப்பிலுள்ள விதி யாது என்று வேளாண்மை அலுவலரை வினவித் தெளிதல் கடமையாகும்.

இரண்டாவது, நீர்நிலைகளுக்கு நேரும் கேடு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, பறவைகளின் புகலிடம். 2024-இல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தொலைநாடுகளிலிருந்தும் பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. மருந்தடித்த நிலத்தில் பெய்த மழைநீர் வாய்க்கால் வழியே இறுதியில் ஏரி, குளங்களையே சேரும். தவளையும் மீனும் நீர்ப்பூச்சியும் குன்றினால், அவற்றை உண்ணும் பறவைக்கு இரை ஏது?

மூன்றாவது, மருந்துக்குப் பணியாத களைகள் தோன்றுதல். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதனைத் தாங்கும் ஆற்றலுடைய சில செடிகள் மட்டும் பிழைத்து விதை பரப்பும். நாளடைவில் அவ்விடம் முழுவதும் அவற்றின் வழித்தோன்றல்களே நிறையும். கிளைபோசேட்டுக்கு அடங்காத புல் 1996-இலேயே ஆத்திரேலியாவில் கண்டறியப்பட்டது. அன்றியும், மருந்து முளைத்த செடியைக் கொல்லுமேயன்றி மண்ணில் உறங்கும் விதையைக் கொல்லுவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் 1879-இல் வில்லியம் பீல் என்பார் களை விதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். 2021-இல் அவற்றுள் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்தபோது, 142 ஆண்டுகளுக்குப் பின்னும் சில விதைகள் முளைத்தன! இத்தகைய விதைகளை ஒரு தெளிப்பில் ஒழித்துவிடலாம் என்று எண்ணுதல் பேதைமையன்றோ?

அங்ஙனமாயின், எல்லா மருந்தையும் இன்றே தடைசெய்துவிட்டால் போதுமோ எனின், அதுவும் போதாது. இலங்கை அரசு 2015-இல் கிளைபோசேட்டைத் தடைசெய்தது. தேயிலைத் தோட்டங்களில் களை மண்டிற்று, கையால் எடுக்கப் போதிய ஆளில்லை, செலவு மிகுந்தது. 2018-இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2022-இல் முழுவதும் நீக்கப்பட்டது. மாற்று வழியை முன்னரே ஆயத்தம் செய்யாத தடை நிலைத்து நில்லாது என்பதனை இதனால் அறியலாம். ஆதலின், மாற்று வழிகள் யாவை என்று காண்போம்.

அவற்றுள் தலையாயது காலமறிந்து களைதல். களை பூத்து விதைக்குமுன் எடுத்தால், அடுத்த ஆண்டின் வேலை பாதியாகக் குறையும். மழை பெய்து மண் பதமாக இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். பார்த்தீனியம் என்னும் நச்சுக்களை ஒரு செடியிலேயே பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். தொடுவோர்க்குத் தோல் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். அதனைக் கையுறை அணிந்து பூக்குமுன் பிடுங்குதல் வேண்டும். பிடுங்கிய இடத்தில் தகரைச் செடியை வளரவிட்டால், அது பார்த்தீனியத்தைத் தலையெடுக்க விடாது. அக்களையின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டும் நம் நாட்டில் 1984 முதல் பரப்பப்பட்டுள்ளது.

இரண்டாம் வழி மூடாக்கு. வெறும் மண்ணே களைக்கு விருந்து. மரத்தடியிலும் பாத்தியிலும் முந்திரிச் சருகு, கரும்புத் தோகை, கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றை நான்கு விரற்கிடை உயரம் பரப்பினால், ஒளி மண்ணைச் சேராது. பெரும்பாலான விதைகள் முளைக்கமாட்டா. மண்ணின் ஈரமும் காக்கப்படும். சருகு மக்கி எருவாகும். இவையெல்லாம் இம்மாவட்டத்தில் எளிதிற் கிடைப்பவை. மரத்தின் அடிப்பட்டையை ஒட்டாமல் சிறிது இடம் விட்டுப் பரப்புதல் நன்று. கோடையில் ஈரமண்ணின்மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை நான்கு முதல் ஆறு வாரம் போர்த்திவைத்தால், வெயிலின் வெப்பத்தால் மேல்மண்ணிலுள்ள விதைகள் பல மடியும். கோரை மட்டும் இதற்கு எளிதில் அடங்காது. அதன் கிழங்கை மீண்டும் மீண்டும் தோண்டி எடுத்தலே வழி.

வயலில் கோடை உழவும், தக்கைப்பூண்டு, சணப்பை முதலிய பசுந்தாள் பயிரும், ஊடுபயிரும் களையை அடக்கும். வரிசையாக நட்ட நெல்லில் கோனோ களைக்கருவியை உருட்டினால், களை சேற்றில் அமிழ்ந்து எருவாகும்; குனிந்து வருந்தும் துன்பமும் குறையும். பூங்காக்களில் நடைபாதை ஓரங்களுக்கு விசைப்புல்வெட்டி உதவும். இவற்றைக் கற்றுக்கொள்ள, அரியலூர் மாவட்டத்துச் சோழமாதேவியிலும் பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் மையங்கள் உள்ளன.

தவிர்க்க இயலாத இடத்து மருந்து தெளிக்க நேரின், சில நெறிகளை மறத்தலாகாது. புட்டியின்மேல் உள்ள முக்கோணக் குறியைக் காணுதல் வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கொடிய நஞ்சையும், நீலம் இடைப்பட்டதையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். பச்சை என்பது தீங்கே இல்லை என்று பொருள்படாது. முகமூடி, கையுறை, நீண்ட காலணி, முழுக்கைச் சட்டை ஆகியவை அணிதல் வேண்டும். காற்று வீசும்போதும், காற்றை எதிர்நோக்கியும் தெளித்தலாகாது. குழந்தைகள் நடமாடும் பள்ளி வளாகத்தில் தெளிப்பதை அறவே தவிர்த்தல் நலம். வெற்றுப் புட்டியில் குடிநீரோ எண்ணெயோ ஊற்றிவைத்தல் உயிருக்கு உலைவைப்பதாகும்.

இப்போது முன்னர்க் கண்ட கணக்கைத் திரும்ப நோக்குவோம். ஒருபுறம் 3,190 ரூபாய். மறுபுறம் ஒரு புட்டி மருந்தும் ஓர் ஆளின் கூலியும். ஆனால், மறுபுறத்தில் கையுறை, முகமூடிகளின் விலையையும், விதை முளைக்குந்தோறும் மறுபடி தெளிக்கும் செலவையும், காற்றில் பறந்த மருந்தால் கருகிய பூச்செடிகளின் விலையையும் சேர்த்தல் வேண்டும். தெளித்தவர் நோயுற்றால் மருத்துவச் செலவையும் அவர் இழந்த கூலியையும் சேர்த்தல் வேண்டும். இச்செலவுகளுள் பலவும் ஒப்பந்தக்காரரின் ஏட்டில் ஏறுவதில்லை. தெளிப்பானைச் சுமந்தவரின் குடும்பமே அவற்றைச் செலுத்துகின்றது. இனி, களையெடுப்போர்க்குக் கொடுத்த 3,190 ரூபாயோ வீண்போன பணமன்று. பத்து வீடுகளின் அடுப்பை எரியச்செய்த பணமாகும். முதலாண்டில் கைக்களையும் மூடாக்கும் சேர்ந்து செலவு மிகலாம். விதை விழாமல் காத்துவந்தால், ஆண்டுக்கு ஆண்டு அச்செலவு குறைந்துவரும்.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை உழவராவீர். சிலர் தோட்டங்களைப் பேணும் பணியை ஏற்பீர். சிலர் அப்பணியை ஒப்படைக்கும் அலுவலராவீர். குறைந்த விலை எழுதப்பட்ட ஒப்பந்தத் தாளைக் காணும்போது, குறைக்கப்பட்டது எது, அதனைக் கொடுப்பவர் யார் என்று வினவுங்கள். பிறர் உடல்நலத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் தூய்மை தூய்மையாகாது. களையை நீக்குவோம், களை நீக்கும் கையையும் காப்போம்.