‘அடுத்த ஜி’ வருகிறது என்று பங்கு வாங்கலாமா?

புதிய தலைமுறை மொபைல் தொழில்நுட்பம் ஒன்று பேச்சில் அடிபடத் தொடங்கினால், “இப்போதே பங்கு வாங்கிப் போடுங்கள்” என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடும். 4ஜி பிறந்த காலத்தில் வைமேக்ஸ் என்ற தரத்தைப் பற்றி இப்படித்தான் பேசினார்கள். அதற்காக அமெரிக்காவின் கிளியர்வயர் நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஒவ்வொரு முதலீட்டாளரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை 1: முந்தி வருபவரே ஜெயிப்பார்.

உண்மை: மொபைல் வைமேக்ஸ் தரம் 2005 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. போட்டித் தரமான எல்டிஇ-யின் முதல் வடிவம் இறுதியாகவே 2008 ஆகிவிட்டது. மூன்று ஆண்டு முந்தியும் வைமேக்ஸ் தோற்றது. 2008-இல் பால்டிமோர் நகரில் வைமேக்ஸ் சேவையைத் தொடங்கிய அமெரிக்க செல்பேசி நிறுவனமான ஸ்பிரின்ட், 2016-இல் அதை அடியோடு மூடியது.

நம்பிக்கை 2: பெரிய நிறுவனங்கள் பணம் போட்டால் பயமில்லை.

உண்மை: 2008 மே மாதம் இன்டெல், கூகுள், காம்காஸ்ட் முதலியவை கிளியர்வயரில் 320 கோடி டாலர் முதலிடுவதாக அறிவித்தன. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டுக் கணக்கிலேயே கிளியர்வயர் முதலீட்டில் சுமார் 95 கோடி டாலரை இன்டெல் இழப்பாக எழுதியது. இன்டெல் அதைத் தாங்கிக்கொண்டது. சிறு முதலீட்டாளரின் கணக்கைப் பாருங்கள். 2007 மார்ச்சில் கிளியர்வயர் பங்கு வெளியீட்டு விலை 25 டாலர். 2013-இல் மீதமிருந்த பங்குகளை ஸ்பிரின்ட் வாங்கிய விலை 5 டாலர். நூறு பங்குக்கு 2,500 டாலர் கொடுத்தவர் கையில் மிஞ்சியது 500 டாலர்.

நம்பிக்கை 3: சிறந்த தொழில்நுட்பமே வெல்லும்.

உண்மை: வைமேக்ஸ், எல்டிஇ இரண்டுமே ஓஎஃப்டிஎம் என்ற ஒரே நுட்பத்தின் மேல் எழுந்தவை. உலகின் பெரும்பாலான செல்பேசி நிறுவனங்கள் ஜிஎஸ்எம் என்ற முந்தைய தரத்தின் வழியில் வந்தவை. அவர்களுக்கு எல்டிஇ அடுத்த படி. அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ, அந்தப் பக்கம் போன்களும் குவிந்தன, விலையும் இறங்கியது. நம் ஊரிலும் இது நடந்தது. அந்தக் காலத்தில் ஜிஎஸ்எம் போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரிக்கு அடியில் இருந்த சிம்மை வேறு போனில் போட்டால் அதே நம்பர் பேசியது. அதற்குப் போட்டியான சிடிஎம்ஏ தரத்தின் தொடக்க கால போன்களில் சிம்மே கிடையாது. போனை மாற்ற நிறுவனத்தின் தயவு வேண்டியிருந்தது. அலைக்கற்றையைச் சிக்கனமாகப் பயன்படுத்திய சிடிஎம்ஏ-வை விட்டு மக்கள் சிம் பக்கம் போனார்கள்.

நம்பிக்கை 4: தரம் தோற்றால் எல்லாம் போச்சு.

உண்மை: அலைக்கற்றையின் மதிப்பு அப்படியே நிற்கும். இந்தியாவில் 2010 பிராட்பேண்ட் ஏலத்தில் 22 தொலைத்தொடர்பு வட்டங்களுக்கும் உரிமம் வென்ற இன்ஃபோடெல் நிறுவனம் 12,848 கோடி ரூபாய் கொடுத்தது. அதை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வாங்கியது. வைமேக்ஸா எல்டிஇ-யா என்று அப்போது தீராத விவாதம். ரிலையன்ஸுக்குக் காத்திருக்க வசதி இருந்தது. அந்த ஏலத்தில் கிடைத்த 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையிலேயே ரிலையன்ஸின் ஜியோ எல்டிஇ சேவை கொடுத்தது. கிளியர்வயரின் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் வீணாகவில்லை. ஸ்பிரின்ட் வழியாக டி-மொபைலிடம் சேர்ந்து, இன்று 5ஜி-யைச் சுமக்கிறது. அந்தப் பலனைப் பார்க்க, 5 டாலருக்கு விற்றவர்கள் கையில் பங்கு இல்லை.

ஆகவே பங்கு வாங்குமுன் ஆண்டறிக்கையைத் திறந்து மூன்றைத் தேடுங்கள்: நிறுவனத்திடம் எந்த அலைக்கற்றை எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? கடன் எவ்வளவு? தரம் மாறினால் கருவிகளை மாற்றிப் போடக் கையில் பணம் உண்டா? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காத இடத்தில் உங்கள் சேமிப்பைப் போடாதீர்கள்.