விமானம் இரவு 9.30க்கு: வீட்டை விட்டு எப்போது கிளம்புவது?

பள்ளி விடுமுறைக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் கட்டாயம் நடக்கும். தாத்தா, "ஐந்து மணி நேரம் முன்னாடியே போயிடணும்" என்பார். அண்ணன், "ஒன்றரை மணி நேரம் போதும்" என்பார். அம்மா, "எல்லாரும் மூன்று மணி நேரம்னுதானே சொல்றாங்க" என்று முடித்து வைப்பார்.

அந்த 3 மணி நேரம் எங்கிருந்து வந்தது? அது பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கும் கிள்ளானில் இருப்பவருக்கும் ஒன்றுதானா? நான்காம் படிவக் கணிதத்தில் நீங்கள் படிக்கும் 'சிசிஹான் பியாவாய்', அதாவது திட்ட விலக்கம், இதற்கு விடை சொல்லும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உண்மையான கெடு எது?

டிக்கெட்டில் இரவு 9.30 என்று இருந்தால், அது விமானம் நகரத் தொடங்கும் நேரம். உங்களுக்குரிய கெடு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பன்னாட்டுப் பயணங்களுக்குப் பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னதாகப் பதிவு முகப்பிடத்தை மூடிவிடுகின்றன. ஏறுவாயில் 20 நிமிடம் முன்னதாகவோ, அதற்கும் முன்போ மூடப்படும். சரியான நேரம் உங்கள் டிக்கெட்டில் இருக்கும்.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஒப்படைத்த பெட்டிகள் சோதனைக் கருவியைக் கடந்து, பிரிக்கப்பட்டு, விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றப்பட வேண்டும். பயணிகள், பெட்டிகள், எரிபொருள் ஆகியவற்றின் மொத்த எடையையும் அந்த எடை எங்கே அமர்கிறது என்பதையும் கணக்கிட்ட பிறகே விமானி புறப்பட முடியும். பெட்டியைக் கொடுத்த பயணி விமானத்தில் ஏறவில்லை என்றால், பாதுகாப்புக் கருதி அந்தப் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும்.

எனவே கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். ஏறுவாயில் 9.10க்கு மூடும். அங்கு நடந்து செல்ல 15 நிமிடம், பாதுகாப்புச் சோதனைக்கும் குடிநுழைவுக்கும் 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 8.20க்குள் முகப்பிடத்தை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். முகப்பிடம் மூடுவதோ 8.30க்கு. இரண்டில் முன்னதாக வருவது 8.20, அதுவே நம் கெடு. முகப்பிட வரிசைக்கு 25 நிமிடம், நிலைய வாசலிலிருந்து முகப்பிடம் வரை நடக்க 10 நிமிடம் கழித்தால், 7.45க்கு நிலைய வாசலில் இருக்க வேண்டும்.

ஒரே சராசரி, இரு வேறு பயணங்கள்

சுபாங் விமான நிலையம் 1965 முதல் நம் நாட்டின் முக்கிய நுழைவாயிலாக இருந்தது. 1998 ஜூனில் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டதும் தலைநகரவாசிகளின் பயணத் தூரம் கூடியது. 2002இல் விரைவு இரயில் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டரை அது 28 நிமிடத்தில் கடக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 122 கிலோமீட்டர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஐந்து முறை இரயிலிலும் ஐந்து முறை காரிலும் சென்றதாகக் கற்பனை செய்வோம். பிடித்த நேரம், நிமிடங்களில்:

இரயில்: 62, 64, 65, 66, 68
கார்: 45, 50, 55, 60, 115

கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் கூட்டுத்தொகை 325, சராசரி 65. சராசரியை மட்டும் பார்ப்பவர் இரண்டும் சமம் என்பார். ஆனால் 75 நிமிடம் ஒதுக்கிக் கிளம்பினால் இரயில் ஐந்து முறையும் சேர்த்துவிடும். கார் நான்கு முறை சீக்கிரமே சேர்த்துவிட்டு, ஐந்தாவது முறை கைவிட்டுவிடும்.

இந்த வேறுபாட்டை அளப்பதே திட்ட விலக்கம். ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரியைக் கழியுங்கள். கிடைப்பதை வர்க்கப்படுத்துங்கள். வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். இரயிலுக்கு 20ஐ 5ஆல் வகுத்தால் 4. வர்க்கமூலம் 2 நிமிடம். காருக்கு 3250ஐ 5ஆல் வகுத்தால் 650. வர்க்கமூலம் ஏறத்தாழ 25.5 நிமிடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் மிகச் சீக்கிரமாக வந்தாலும் சராசரியைவிட 20 நிமிடம்தான் மிச்சமாகிறது. தாமதமானாலோ 50 நிமிடம் போய்விடுகிறது. சாலைத் தாமதங்களின் இயல்பு இதுதான். விபத்து, அடைமழை, சுங்கச்சாவடி நெரிசல் எல்லாம் நேரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைப்பதில்லை.

வரிசை ஏன் திடீரென்று நீள்கிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்பவர்கள் காத்திருக்க நேராது என்று ஆராய்ந்து, 1909இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு அங்கிருந்து பிறந்தது. அதன் எளிய சூத்திரம் ஒன்று:

காத்திருப்பு = வருகை ÷ [சேவை × (சேவை − வருகை)]

ஒரு முகப்பிடம் மணிக்குச் சராசரியாக 30 பேரைக் கவனிக்கிறது. மணிக்கு 24 பேர் வந்தால், 24 ÷ (30 × 6). அதாவது 8 நிமிடக் காத்திருப்பு. 27 பேர் வந்தால் 18 நிமிடம். 29 பேர் வந்தால் 58 நிமிடம்! கூட்டம் கூடியது ஐந்தே பேர். காத்திருப்போ ஏழு மடங்குக்கு மேல்.

ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருவதும், ஒருவருக்கு ஒரு நிமிடமும் இன்னொருவருக்கு ஐந்து நிமிடமும் ஆவதுமே இதற்குக் காரணம். முகப்பிடம் சும்மா இருக்கும் நேரம் குறையக் குறைய, சேர்ந்த வரிசையைக் கரைக்க இடைவெளியே கிடைப்பதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் பள்ளி விடுமுறையின் முதல் நாளிலும் "கொஞ்சம் கூட்டம் அதிகம், அவ்வளவுதான்" என்று நினைப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

வரிசையில் நிற்கும்போது இன்னொரு விதி உதவும். அதை 1961இல் நிறுவியவர் ஜான் லிட்டில். உங்களுக்கு முன்னே 40 பேர் இருக்கிறார்கள். நிமிடத்திற்கு 2 பேர் வெளியேறுகிறார்கள் என்றால், உங்கள் முறை வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்.

தாமதங்களை எப்படிக் கூட்டுவது?

பயணம், முகப்பிடம், குடிநுழைவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் மோசமாக அமைவது அரிது. ஆகவே மூன்றின் திட்ட விலக்கங்களையும் அப்படியே கூட்டக் கூடாது. அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்காரரை எடுத்துக்கொள்வோம். இரயில் 20 நிமிடத்திற்கு ஒன்று என்றால், காத்திருப்புச் சராசரி 10 நிமிடம். விலக்கம் ஏறத்தாழ 6. முகப்பிடத்திற்கும் குடிநுழைவுக்கும் தலா 8 என்போம். 36 + 64 + 64 = 164; வர்க்கமூலம் ஏறத்தாழ 13. கிள்ளானிலிருந்து காரில் வருபவருக்கு, மேலே கண்ட காரின் எண்களையே கொண்டால், 650 + 64 + 64 = 778; வர்க்கமூலம் ஏறத்தாழ 28.

இதைப்போல் இரண்டரை மடங்கைப் பாதுகாப்பு நேரமாக வைப்போம். பிரிக்பீல்ட்ஸுக்கு ஏறத்தாழ 35 நிமிடம், கிள்ளானுக்கு 70 நிமிடம்.

இப்போது விடை கிடைத்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ்: 7.45இலிருந்து இரயிலுக்கும் காத்திருப்புக்கும் 38, வீட்டிலிருந்து சென்ட்ரலுக்கு நடக்க 12, பாதுகாப்பு 35 ஆகியவற்றைக் கழித்தால், கிளம்ப வேண்டியது 6.20. வழக்கமான நாளில் 7.10க்கு நிலையத்தில் இருப்பார். அதாவது 2 மணி 20 நிமிடம் முன்னதாக. கிள்ளான்: 7.45இலிருந்து பயணம் 65, பாதுகாப்பு 70 கழித்தால் 5.30. வழக்கமான நாளில் 6.35க்கு வந்து சேர்வார். 2 மணி 55 நிமிடம் முன்னதாக.

ஆக, அம்மா சொன்ன 3 மணி நேரம் வெறும் வழக்கமல்ல. சாலையை நம்பி வருபவருக்கு அது ஏறத்தாழச் சரியான கணக்கு. விழாக்காலத்தில் சாலை, முகப்பிடம், குடிநுழைவு எல்லாம் ஒரே காரணத்தால் ஒன்றாக நெரிசலாகும். அப்போது வர்க்கமூலச் சலுகை கிடையாது. விலக்கங்களை நேராகவே கூட்டி, இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

தாத்தா சொன்ன ஐந்து மணி நேரம்?

ஒரு டிக்கெட் தவறினால் புதியது வாங்க 1,200 ரிங்கிட் ஆகும் என்று வைப்போம். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது, தவறும் வாய்ப்பை 100க்கு 3இலிருந்து 100க்கு 1ஆகக் குறைத்தால், அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு 1,200இல் நூற்றில் இரண்டு பங்கு, அதாவது 24 ரிங்கிட். நால்வர் குடும்பத்திற்கு 96 ரிங்கிட். தாராளமாகக் கிளம்பலாம். அதுவே 1,000க்கு 2 என்ற வாய்ப்பை 1,000க்கு 1ஆகக் குறைத்தால், கிடைப்பது தலைக்கு 1 ரிங்கிட் 20 சென்தான். மேலும், பல நிறுவனங்களின் முகப்பிடம் சுமார் 3 மணி நேரத்திற்கு முன்புதான் திறக்கும். அதற்கு முன் போனால் பெட்டிமேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் ரிங்கிட்டில் அளக்க முடியாது. பாட்டியின் இறுதிச் சடங்கு, பல்கலைக்கழகத்தில் சேரும் நாள், ஆண்டுக்கணக்கில் சேமித்து வாங்கிய டிக்கெட் என்றால் இழப்பின் எடை பலமடங்காகும். அங்கே தாத்தாவின் பயத்திலும் கணக்கு இருக்கிறது. சூத்திரம் எல்லாருக்கும் ஒன்று; அதில் போடும் எண் குடும்பத்திற்குக் குடும்பம் மாறும்.

கணக்கில் அடங்காத மூன்று பொறிகள்

1. எந்த முனையம்? முனையம் 1, முனையம் 2 இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள். தவறாக இறங்கினால் மறுபடி இரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும்.
2. சனிக்கிழமை 12.15 என்று நள்ளிரவு நேரம் போட்டிருந்தால், நீங்கள் கிளம்ப வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு.
3. கடப்பிதழ் காலாவதியாக 6 மாதத்திற்குக் குறைவாக இருந்தால், பல நாடுகள் அனுமதிப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் போனாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

செய்து பாருங்கள்

பத்துப் பள்ளி நாள்களுக்கு, வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை ஆகும் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

1. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடியுங்கள்.
2. சராசரி நேரத்தை மட்டும் ஒதுக்கியிருந்தால் எத்தனை நாள் தாமதமாகியிருப்பீர்கள்?
3. பத்தில் ஒரு நாளுக்கு மேல் தாமதமாகாமல் இருக்க எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும்?
4. மழை நாள்களைத் தனியே பிரித்துக் கணக்கிடுங்கள். சராசரி அதிகம் மாறுகிறதா, திட்ட விலக்கமா?

நான்காம் கேள்வியின் விடையை வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். அடுத்த பயணத்திற்கு நேரம் குறிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்து சேரலாம்.