ஆச்சியின் இரண்டு தொடர்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. நீ படிக்கிற கூடத்தில்தான் டிவியும் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆச்சியின் தொடர்கள் ஆரம்பித்தால் பத்தரை வரை பெட்டி ஓயாது. இடையில் அப்பாவின் விவாத நிகழ்ச்சி, லீவு நாளென்றால் தம்பியின் கார்ட்டூன். பேசாமல் கேபிளை வெட்டிவிடச் சொல்லட்டுமா மாமா என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். தேர்வு வருஷத்தில் இணைப்பை எடுத்துவிடுகிற வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே பெட்டிக்கு உயிர் வந்துவிடும். விட்டதையெல்லாம் வட்டியோடு பார்ப்பார்கள். அதுவரை ஆளுக்கொரு செல்போன். முழங்கால் வலியால் வாசல்வரைகூடப் போகாத ஆச்சிக்கு, பகலெல்லாம் மனிதக் குரல் கேட்பது அந்தப் பெட்டியிலிருந்துதான். உன் மதிப்பெண்ணுக்காக அதைப் பிடுங்குவது நியாயமில்லை. பரணில் கிடக்கும், அரசாங்கம் கொடுத்த பழைய டிவியை இறக்கி உள் அறையில் ஆச்சிக்குத் தனியாக வைத்துவிடலாம் என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது இன்னும் மோசம். இப்போது கூடத்தில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பவர், அப்புறம் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். டிவி பார்க்கும் நேரமும் குறையாது.

முதலில் ஒரு வாரம் கணக்கு எடு. யாரையும் ஒன்றும் சொல்லாதே. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். எத்தனை மணிக்குப் போட்டார்கள், எப்போது அணைத்தார்கள், அந்த நேரத்தில் அதன் முன்னால் யார் இருந்தார்கள் என்று குறித்துவை. காலையில் ராசிபலனுக்காகப் போட்டது, அம்மா சமையலறையில் நிற்கும்போதும் பாடிக்கொண்டிருக்கும். மத்தியானம் ஆச்சி கண்ணயர்ந்த பிறகும் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் பார்க்காமல் ஓடுகிற இந்த நேரம்தான் நீ கை வைக்க வேண்டிய முதல் இடம். அதை நிறுத்தினால் வீட்டில் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை, சண்டையும் வராது.

"அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குப் படிப்பேன்" என்றும் எழுதியிருக்கிறாய். அது நடக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விளையாட விட்டார்கள். அதில் அரைமணி நேரம் மட்டும் அறையில் டிவி ஓடியது. ஓடியது 'ஜெப்பர்டி' என்கிற, பெரியவர்களுக்கான வினாடி வினா. குழந்தைகளுக்கு அதில் ஒன்றும் புரியாது. எப்போதாவது நிமிர்ந்து சில விநாடி பார்த்துவிட்டு விளையாட்டுக்குத் திரும்பிவிட்டன. ஆனாலும் ஒரு பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்துபோயிற்று. புதுச் சத்தமோ புது அசைவோ வந்தால் தலை தானாகத் திரும்புவது உயிர்களின் இயல்பு என்று பாவ்லவ் 1927-லேயே எழுதிவைத்தார். டிவிக்காரர்களின் தொழிலே விநாடிக்கொரு தரம் அந்தத் தலையைத் திருப்புவதுதான். நீ கரிம வேதியியல் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் 'டண்' என்று பின்னணி இசை அடித்தால், நீ திரும்பாவிட்டாலும் உன் கவனம் ஒரு நொடி திரும்பிவிட்டு வரும்.

அடுத்தது ஆச்சியின் தொடர்கள். இதற்கு நீ ஒருநாள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, கதையை விட்டுவிட்டு அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரம் போடலாம். அதை அப்படியே மதித்தாலும் அரைமணித் தொடரில் 24 நிமிடம்தான் மிச்சம். அதில் தலைப்புப் பாட்டு, நேற்றைய கதை, நாளைய கதை. யாராவது ஓர் உண்மையைச் சொன்னால் கூடத்தில் நிற்கும் அத்தனை பேர் முகமும் ஒவ்வொன்றாக அருகில் வரும், அதுவும் இரண்டு மூன்று சுற்று. இரண்டு நாள் பார்க்காவிட்டாலும் கதை அங்கேயே நிற்பதன் ரகசியம் இதுதான். சனிக்கிழமை முடிவில் மட்டும் கதவு திறக்கும், யாரோ வந்து நிற்பார்கள், 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தொடர் முடிந்ததும் அடுத்தது மூச்சுவிட இடம் கொடுக்காமல் தொடங்கிவிடும். ஆச்சி ஆறு தொடர் பார்க்கிறார் என்றால் ஆறையும் விரும்பிப் பார்க்கிறார் என்று நினைக்காதே. இரண்டை விரும்பிப் பார்ப்பார். மற்றவை நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவை. முன்பு இப்படி இல்லை. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை சினிமா. அதற்கு ஊரே கூடும். இரவானால் நிலையமே முடித்துக்கொண்டு போய்விடும். 1993 சித்திரைப் புத்தாண்டில் சன் டிவி வந்தது. பிறகு சேனல்கள் பெருகி, விடிய விடிய ஒளிபரப்பாயிற்று. அன்று நிலையம் செய்த அணைக்கும் வேலையை இப்போது வீட்டில் ஒருவர் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆச்சியிடம் "குறையுங்கள்" என்று சொல்லாதே. "ஆச்சி, எந்த இரண்டை விடவே மாட்டீர்கள்?" என்று கேள். அந்த இரண்டு நேரத்திலும் நீ புத்தகத்தை மூடிவிட்டு, குளிக்கவோ சாப்பிடவோ மாடியில் நடக்கவோ போ. முடிந்தால் ஒன்றை ஆச்சியோடு உட்கார்ந்து பார், கதையைக் கேள். அவர் சொல்லும்போது தொடரைவிட நன்றாக இருக்கும். அணைப்பது எப்போதும் 'தொடரும்' வந்த பிறகுதான். நடுக்காட்சியில் ரிமோட்டைத் தொட்டால் பகைதான் மிஞ்சும். அணைத்த கையோடு ரிமோட் அலமாரிக்குள் போகட்டும். டீப்பாய் மேல் கிடந்தால் யார் கையாவது அதை அழுத்தும்.

அணைத்த பிறகு வரும் பத்து நிமிஷம்தான் கஷ்டம். ராபர்ட் கூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களிடம் பீப்பர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் மனநிலையைக் குறிக்கச் சொன்னார்கள். டிவி பார்க்கும்போது உடம்பும் மனமும் தளர்ந்து சுகமாக இருந்தன. அணைத்ததும் அந்தச் சுகம் போய்விட்டது, சோம்பல் மட்டும் தங்கிவிட்டது. மறுபடி போடத் தோன்றுவது அதனால்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஏதாவது வேலை கைவசம் இருக்கட்டும். ஆச்சிக்கு மறுநாள் சமையலுக்கான கீரையோ, தொடுக்க வேண்டிய பிச்சிப்பூவோ. தம்பியைக் கடைக்கு அனுப்பு. தாயம் ஆடு, பல்லாங்குழி ஆடு என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது நாளே அலுத்துவிடுவான்.

அப்பா விஷயத்தில் அவசரப்படாதே. அந்த விவாதத்தில் நாலு பேர் ஒரு மணி நேரம் கத்துவது மறுநாள் பேப்பரில் அரைப் பத்தியில் வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அதை நீ சொன்னால் எடுபடாது, நானே பேசிக்கொள்கிறேன். கிரிக்கெட்டைத் தொடாதே. உன் தேர்வு முடியும் தறுவாயில் ஐபிஎல் ஆரம்பிக்கும், உனக்கும் பார்க்க ஆசை இருக்கும்.

அக்கா குழந்தையோடு வரும்போது மட்டும் கண்டிப்பாக இரு. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. சோறு ஊட்டுவதற்காகப் பாட்டுப் போடும் வழக்கத்தை நம் வீட்டில் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. ரிமோட் போகிற அலமாரியில் உன் போனும் போக வேண்டும். நீ ரீல்ஸ் பார்த்துக்கொண்டே ஆச்சியிடம் தொடரைக் குறைக்கச் சொன்னால், முதலில் கேள்வி கேட்பவன் உன் தம்பியாகத்தான் இருப்பான். அவன் கேட்பது சரியாகவும் இருக்கும்.

வருகிற திங்கட்கிழமை கணக்கைத் தொடங்கு. ஒரு வாரத் தாள்களையும் சேர்த்து எனக்குப் படம் எடுத்து அனுப்பு. ஆச்சி எந்த இரண்டைச் சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாமா