கை முதலில் சாப்பிடட்டும்

அன்புள்ள யாழினி,

ஸ்பூன் உதட்டில் பட்டதுமே தம்பி தலையைத் திருப்பிக்கொள்கிறான், ஊட்டி ஊட்டி அம்மா சோர்ந்துபோகிறாள் என்று எழுதியிருந்தாய். இதைப் பிடிவாதம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்பூன் வருவது உனக்குத் தெரிகிறது, வாயைத் திறக்கிறாய். பார்வை குறைந்த அவனுக்கு அது எங்கிருந்தோ வந்து உதட்டை இடிக்கிறது. நானாக இருந்தாலும் திருப்பிக்கொள்வேன்.

அதனால் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடு. ‘தயிர்சாதம் வருது’ என்று சொல். மூக்கருகே கொண்டுபோ. அவன் தொடட்டும், பிசையட்டும், மேலெல்லாம் பூசிக்கொள்ளட்டும். சோறு எது, கேரட் எது என்று விரல்தானே அவனுக்குச் சொல்ல வேண்டும்? நாம் கையால் சாப்பிடுகிறவர்களாக இருப்பது இதில் பெரிய வசதி.

பழக்கும்போது அவன் கையை மேலிருந்து பிடித்து வாய்க்கு இழுக்காதே. பெரியவர்கள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். உன் கை அடியில் இருக்கட்டும், அவன் கை அதன்மேல். நீ அள்ளுவதை அவன் தொட்டே தெரிந்துகொள்வான்; பிடிக்காவிட்டால் கையை எடுத்துக்கொள்ளவும் முடியும். எதிரில் உட்காராமல் பின்னால் உட்கார்ந்தால் இருவர் கையும் ஒரே திசையில் போகும்.

அவன் பார்வை ஏன் இப்படி ஆனது என்றும் கேட்டிருந்தாய். அவனைப் போன்ற குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து, சிலருக்கு விழித்திரையையே பிரித்துவிடும். பிறந்து 30 நாளுக்குள் சோதித்து, தேவைப்பட்டால் உடனே சிகிச்சை கொடுத்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உங்கள் பெங்களூரின் நாராயண நேத்ராலயா 2008 முதல் ‘கிட்ராப்’ திட்டத்தில் கர்நாடகத்தின் உட்பகுதி ஊர்களுக்கே கேமராவோடு ஆளனுப்பி இதைச் செய்கிறது.

தம்பிக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. ஆனால் மிச்சப் பார்வை இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, அதைப் பயன்படுத்து. பளபளக்கும் எவர்சில்வர் தட்டு வேண்டாம். வெள்ளை இட்லியை அடர்நீலத் தட்டில் வை. ராகி தோசைக்கு வெள்ளைத் தட்டு. விளிம்பு உயர்ந்த தட்டானால் சாதம் வெளியே ஓடாது. ஜன்னல் வெளிச்சம் அவன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு அஜ்ஜி தரும் ராகி முத்தே மட்டும் இறங்குகிறதாமே! இறங்காமல் என்ன, அது மெல்லாமல் விழுங்குகிற களி உருண்டை. அதிலேயே நின்றுவிட்டால் மென்று தின்னக் கற்க மாட்டான். பிறர் மெல்லுவதை அவன் பார்த்ததில்லையே. உன் தாடையில் அவன் கையை வைத்து நீ மென்று காட்டு. பிறகு குழைய வெந்த கேரட்டில் தொடங்கு. அடிக்கடி புரையேறினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

‘3 மணி இடத்தில் பொரியல்’ என்று கடிகாரக் கணக்கில் சொல்வதெல்லாம் பள்ளிக்கூட வயதுக்கு. இப்போதைக்கு டம்ளர் தினமும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

அடுத்த கடிதத்தில் அவன் எதையெல்லாம் துப்பினான் என்றும் எழுது.

அன்புடன்,
சித்தி